கட்டற்ற மென்பொருளும் நம் இளைஞர்களும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

    

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘கணிப்பொறியும் வருங்காலமும்’ என்பது. வருங்காலத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. நான் கணிப்பொறி பயின்று பட்டம் பெற்றவன் அல்லேன். நம் கழக அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். ஆகவே, தலைப்பைச் சுருக்கிக்கொண்டு, நான் நேரில் கண்ட ஒன்றைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். கட்டற்ற மென்பொருள் பயனர் குழு என்று ஒன்று உண்டு. அதில் ஒன்றும் அறியாதவனாக நான் போய்ச் சேர்ந்தேன். நீங்களும் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இங்கு நிற்கிறேன்.

2011-ஆம் ஆண்டில் நம் அலுவலகத்தில் மூன்று கணிப்பொறிகள் இருந்தன. மூன்றும் நன்கொடையாக வந்தவை; மூன்றும் பழையவை. அவற்றில் இருந்த மென்பொருள் முழுவதும் கள்ளப் பிரதி. கடைக்காரர் ஒருவர் ஒரு குறுந்தகட்டிலிருந்து ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அது களவு என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. மாணவர்கள் கொண்டுவரும் பென் டிரைவ் வழியாக வைரஸ் புகும். கோப்புகள் மறையும். கடைக்காரரை அழைப்போம். அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதே குறுந்தகட்டை மறுபடியும் போடுவார். பணம் வாங்கிச் செல்வார். ஆண்டுக்கு நான்கைந்து முறை இது நடக்கும். செயற்குழுவில் நான் செலவுக் கணக்கை வாசித்தபோது, அந்நாளைய தலைவர் ஐயா அவர்கள், முறையாக விலை கொடுத்து வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். சொன்னேன். ஓராண்டில் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையில் ஏறக்குறையப் பாதி. “அப்படியானால், களவுப் பொருளை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோமா?” என்றார்கள். எவரும் வாய் திறக்கவில்லை.

அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நம் தெருப் பையன் ஒருவன்தான், மாவட்டத் தலைநகரில் மாதந்தோறும் ஒரு குழு கூடுவதாகவும், அங்கே காசு வாங்காமல் வேறு மென்பொருள் ஏற்றித் தருவார்கள் என்றும் சொன்னான். காசு இல்லாமல் தருகிறார்கள் என்றால் அதில் ஏதேனும் சூது இருக்கும் என்று நான் நினைத்தேன். நமக்கு இலவசமாகக் கிடைத்தவற்றின் வரலாறு அப்படி.

என் ஐயம் தீர்ந்த கதைக்கு முன், கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் தெருமுனையில் முன்பு இருந்த சைக்கிள் கடையை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். வாடகை சைக்கிள் எடுக்கப் போன சிறுவர்கள் அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பஞ்சர் ஒட்டுவதையும், சக்கரத்தைப் பெண்டு எடுப்பதையும், முழு வண்டியையும் கழற்றி ஓவராயில் செய்வதையும் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர்கள் நம்மில் பலர். சைக்கிள் செய்த கம்பெனியிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. வாங்கிய பொருள் நம்முடையது. திறந்தோம், பார்த்தோம், கற்றோம். மென்பொருளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைத் திறக்க முடியாது. மனிதர் எழுதிய மூலநிரலை, அதாவது அந்த மென்பொருள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதப்பட்ட கட்டளைகளை, நிறுவனம் தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்ளும். பொறி மட்டுமே படிக்கக்கூடிய வடிவம்தான் நம் கைக்கு வரும். பழுதானால் பார்க்க வழியில்லை. பிறருக்குக் கொடுத்தால் குற்றம்.

இதை எதிர்த்து முதலில் எழுந்தவர் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் அவர் பணியாற்றிய காலத்தில், அங்கே வந்த புதிய அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். சிக்கியதும் எல்லோருக்கும் செய்தி போகும்படி அதன் நிரலைத் திருத்தலாம் என்று அவர் எண்ணினார். மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் கேட்டார். எவருக்கும் தருவதில்லை என்று நிறுவனத்திற்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். சிக்கியது தாள் ஒன்றுதான். ஆனால் அந்த மறுப்பு ஸ்டால்மனை விடவில்லை. 1983 செப்டம்பரில் அவர் ‘குனூ’ என்ற திட்டத்தை அறிவித்தார். எவரும் எந்த நோக்கத்திற்கும் இயக்கலாம்; திறந்து படித்துத் திருத்தலாம்; படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம்; திருத்தியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் உள்ள மென்பொருளே கட்டற்ற மென்பொருள். இவ்வுரிமைகளைக் காக்க 1989-இல் ஓர் உரிமப் பத்திரமும் எழுதப்பட்டது. அதன் நுட்பம் என்னவென்றால், திருத்திய மென்பொருளை ஒருவர் பிறருக்கு வழங்கினால், அதே உரிமைகளோடு மூலநிரலையும் தந்தாக வேண்டும். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

1991 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ், வயது இருபத்தொன்று, பொழுதுபோக்காக ஓர் இயக்க மென்பொருளின் கருவை எழுதி வருவதாக உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு அதனை அந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டார். அதுவே லினக்ஸ். உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்குமானால், அதன் அடியில் ஓடுவது அந்தக் கருதான். உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அனைத்துமே லினக்ஸில் இயங்குபவை.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர், விலையில்லாதது என்றும் விடுதலையானது என்றும் இருபொருள் தந்து அவர்களை ஓயாமல் விளக்கம் சொல்ல வைத்திருக்கிறது. நம் மொழியில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இரண்டின் வேறுபாட்டையும் நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

இங்கே ஒன்று நினைவுக்கு வருகிறது. தம் பாட்டனார் கந்தப்பன் அவர்கள் திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்ததாக அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் ஒருவரிடம் பணியில் இருந்தவர் அந்தப் பாட்டனார். வீட்டில் காத்த ஏட்டைப் பூட்டி வைக்காமல், அச்சேறட்டும் என்று கொடுத்த குடும்பம் அது. பேரர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். கொடுத்ததால் குறளில் ஓர் எழுத்தும் குறைந்துவிடவில்லை. ஏட்டையும் பள்ளிக்கூடத்தையும் பிறர் பூட்டி வைத்ததன் விலையைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தவர்கள் நாம். ஆகவே, மூலநிரலைத் திறந்து வைக்க வேண்டும் என்ற வாதம் நமக்கு அயல்நாட்டுச் சரக்கு அன்று.

சரி, குழுவுக்கு வருகிறேன். அச்சனிக்கிழமை நானும் அந்தப் பையனும் புறப்பட்டோம். கணிப்பொறியின் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துநர் அதற்குச் சுமைக் கட்டணம் கேட்டார். குழு கூடிய இடம் ஒரு கல்லூரியின் வகுப்பறை. வாசலில் செருப்புகளைப் பார்த்தேன். உள்ளே ஆங்கிலம் கேட்டது. திரும்பிவிடலாம் என்று தோன்றியது. பெட்டி கனமாக இருந்ததால்தான் உள்ளே போனேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். உண்மை அதுதான். அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பேருந்து நிலையம் வரை நடக்க என்னால் ஆகாது.

முதல் அரை மணி நேரம் ஒருவர் எதைப் பற்றியோ விரிவுரை ஆற்றினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பின்னர் அறிந்தேன், அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கும் விளங்கவில்லை என்பதை. அவர்கள் தலையசைக்கக் கற்றிருந்தார்கள், அவ்வளவே வேறுபாடு. அடுத்து, புதியவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் நேரம். பெயரும் ஊரும் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நட்போடுதான் கேட்டார்: ஊரில் எந்தப் பக்கம்? நம்மவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. “காலனிப் பக்கம்” என்றேன். “ஓ” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பின் அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை.

இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டற்ற மென்பொருளின் உரிமப் பத்திரம் எவரிடமும் சாதி கேட்பதில்லை. ஆனால் பத்திரம் வேறு, பக்கத்து நாற்காலி வேறு. அங்கே போனால் சமத்துவபுரம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டு, நீங்கள் முதல் நாளே மனம் ஒடிந்து திரும்பி வந்தால், அந்தப் பழி என்னைச் சேரும். அதே அறையில்தான் அஞ்சல் துறையில் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தாமாகவே எழுந்து வந்து, என் போர்வையைப் பிரித்து, பெட்டியைத் தம் மேசையில் வைத்தார். ஊரைக் கேட்கவில்லை. “நினைவகம் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “தெரியாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். இருவரும் ஒரே குழுவினர்.

அம்முதியவர் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிக் காட்டினார். வன்தட்டில் உள்ளவற்றைத் தொடாமலே அப்படி இயக்கிப் பார்க்கலாம். வேண்டாமென்றால் அணைத்துவிட்டுப் போகலாம். பழைய பொறிக்கு ஏற்ற இலேசான முகப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். “நிறுவுவதற்கு முன் உங்கள் கோப்புகளுக்கு வேறிடத்தில் படி எடுத்து வைத்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள்” என்று சொல்லி, பென் டிரைவையும் கையில் கொடுத்தார்.

நான் அடுத்த மாதம் வரை காத்திருக்கவில்லை. எல்லாம் கற்றுவிட்டேன் என்ற செருக்கு. அலுவலகத்தில் இரவு ஏழு மணிக்கு நானே நிறுவத் தொடங்கினேன். வன்தட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். இரண்டாண்டு ஊக்கத்தொகைப் பட்டியல், பிள்ளைகளின் மதிப்பெண் விவரம், நன்கொடையாளர் முகவரிகள், எல்லாம் போயின. அன்றிரவு நான் உறங்கவில்லை. அலுவலகச் சாவியைத் தலைவரிடம் ஒப்படைத்துவிடலாமா என்று கூட எண்ணினேன்.

மறுகூட்டத்திற்கு நான் போனது கற்கும் ஆர்வத்தால் அன்று. வேறு போக்கிடம் இல்லாததால். என் கதையைக் கேட்டு ஓர் இளைஞன் சிரித்தான். முதியவர் சிரிக்கவில்லை. “அதற்குப் பிறகு பொறியில் எதையாவது எழுதினீர்களா?” என்றார். இல்லை, தொடவே அஞ்சினேன் என்றேன். “அந்த அச்சம்தான் உங்களைக் காத்தது” என்றார். அழித்தவுடன் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. மேலே வேறொன்று எழுதப்படும் வரை பழைய கோப்பின் பெரும்பகுதி தட்டில் கிடக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ‘போட்டோரெக்’ என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டு மாலை முழுவதும் தேடினார்கள். சிரித்த இளைஞனும் கூடவே உட்கார்ந்தான். கோப்புகள் பல மீண்டன. ஆனால் பெயர்கள் மீளவில்லை. ஒவ்வொன்றும் ஓர் எண்ணாக வந்தது. நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறந்து பார்த்து நான் பெயரிட்டு முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. மீளாதவற்றைக் காகிதப் பதிவேட்டிலிருந்து மறுபடியும் தட்டச்சு செய்தேன். அதனால்தான் காகிதப் பதிவேட்டை இன்றும் நான் விடுவதில்லை. இளைஞர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதை அக்குழுவில்தான் கற்றேன். ‘என் கணிப்பொறி வேலை செய்யவில்லை’ என்பது கேள்வி அன்று, அது முறையீடு. நான் என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன நடந்தது, திரையில் வந்த சொற்கள் எவை, நானாக எதை முயன்று பார்த்தேன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். திரையில் வந்ததை எழுத்துப் பிசகாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனால், பாதி விடை கையில் இருக்கிறது என்று பொருள். பள்ளியில் நம்மில் பலர் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் இருந்த பழக்கம் நாற்பது வயதிலும் போகாது. அதைப் போக்கிக்கொள்வதற்காகவேனும் மாதம் ஒரு கேள்வியை எழுதி எடுத்துச் செல்லுங்கள். விரிவுரை முடிந்து தேநீர்க் கடைக்கு நடக்கும் வழியில் அதைக் கேளுங்கள். உள்ளே கற்றதைவிட அந்தத் தேநீர்க் கடையில் நான் கற்றது மிகுதி.

கேட்பவனாகவே இருந்துவிடக் கூடாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நம் பட்டியலை அச்சிடும்போது ‘கொ’, ‘கோ’ என்று தொடங்கும் பெயர்களில் கொம்பு இடம் மாறி விழுந்தது. பிள்ளைகளின் பெயர் சான்றிதழில் பிழையாக வந்தால் எப்படி இருக்கும்? குழுவில் சொன்னேன். “பிழை அறிக்கை எழுதுங்கள்” என்றார்கள். எனக்கு ஆங்கிலம் வராதே என்றேன். “படம் எடுத்து, சரியான எழுத்து எது, தவறாக வந்தது எது என்று பக்கத்தில் வையுங்கள், போதும்” என்றார்கள். அப்படியே செய்தேன். சில வாரங்களில் எந்த நாட்டவர் என்றே அறியாத ஒருவர், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று கேட்டு எழுதினார். பதில் சொன்னேன். பின்னால் வந்த பதிப்பு ஒன்றில் கொம்பு தன் இடத்தில் நின்றது. பொருளாளர் அந்த அச்சுத் தாளைப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். அதை எழுதித் திருத்தியவன் நான் அல்லேன். ஆனால் பிழை என்று சொன்னவன் நான். ஒரு நிரல்வரி எழுதத் தெரியாதவனின் சொல்லையும் அங்கே பதிந்து எண் கொடுத்து வைக்கிறார்கள்.

நம் மாநிலத்தில் இத்தகைய குழுக்கள் புதியவை அல்ல. சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு 1998 சனவரியில் தொடங்கியது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையன்று கூடுவது அதன் வழக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு குழு உண்டு. விழுப்புரத்துக் குழுவினர் சிற்றூர் மாணவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளிப்பவர்கள். ஆங்கிலம் தடை என்பார்க்கு, 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும், எளிய தமிழில் அவர்கள் வெளியிட்ட நூல்களும் இருக்கின்றன. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் இயக்கத் தொண்டர்கள் அப்பகுதி மக்களோடு சேர்ந்து அம்பேத்கர் பெயரால் ஒரு சமுதாயக் கணிப்பொறி மையம் நடத்தினார்கள். ‘கிம்ப்’ என்ற மென்பொருளில் அங்கே பிள்ளைகள் படம் வரையக் கற்றார்கள். நம் படிப்பகத்தில் அதைச் செய்ய நமக்கு என்ன குறை?

கைப்பேசியில் கேட்டால் செயற்கை அறிவே விடை சொல்கிறதே, குழு எதற்கு என்று நேற்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. நானும் அதனிடம் கேட்கிறேன். பல வேளைகளில் சரியாகவே சொல்கிறது. ஆனால் வேலைக்கு ஆள் தேடும் நாளில், ‘இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், மூன்றாண்டாக வந்துகொண்டிருக்கிறான்’ என்று அது சொல்லாது. நமக்கு இல்லாமல் போனது அறிவு மட்டும் அன்று, அறிந்தவர்களின் அறிமுகமும்தான். மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்தப்பாவும் மாமாவும் செய்வதை நம் பிள்ளைகளுக்கு யார் செய்வது? அன்று என்னோடு வந்த நம் தெருப் பையனுக்கு முதல் வேலை, குழுவில் உடன் அமர்ந்த ஒருவர் சொன்ன சொல்லால் கிடைத்தது. சொன்னவர் என் கதையைக் கேட்டுச் சிரித்த அதே இளைஞர்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் ஐந்து மணிக்கு முடியும்; நம் ஊருக்கு அடுத்த பேருந்து ஆறு மணிக்குத்தான். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தே பலர் அனுப்ப மறுக்கிறீர்கள். தவறென்று சொல்லமாட்டேன். தனியாக அனுப்ப வேண்டாம்; இருவராக, மூவராக அனுப்புங்கள். நானும் உடன் போகிறேன். முதல் முறை போய்விட்டு மறுமுறை போகாதவர்களே மிகுதி என்பது என் பட்டறிவு. மூன்று முறை போய்ப் பாருங்கள். அதற்குப் பின்னும் பிடிக்கவில்லையென்றால் நான் கட்டாயப்படுத்தமாட்டேன்.

தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளி விழா நிதியில் புதிய கணிப்பொறிகள் வாங்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு இருக்கிறது. வாங்குங்கள். அதற்குமுன், மாதம் நான்கு பிள்ளைகள் போய்வரப் பேருந்துக் கட்டணமும் தேநீர்ச் செலவும் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். மென்பொருளுக்கு ஒரு காசும் வேண்டாம். போகிறவர்கள் திரும்பி வந்து, மறு ஞாயிறு படிப்பகத்தில் தாங்கள் கேட்டதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லலாம்.

வரும் இரண்டாம் சனிக்கிழமை, பகல் ஒன்று பத்துக்குப் பேருந்து. வர விரும்புவோர் இன்று மாலைக்குள் நூலகர் அம்மாவிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். ஒரு குறிப்பேடும், எழுதிய கேள்வி ஒன்றும் கொண்டுவாருங்கள். கணிப்பொறிப் பெட்டியைச் சுமந்து வருபவர்கள் போர்வை எடுத்துவர மறக்க வேண்டாம். சுமைக் கட்டணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.